வால்டர் ஜான்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் என்றதும் பேப் ரூத் பெயர் நம்மில் பலருக்கும் ஞாபகம் வரும். அவருக்கு முந்தைய தலைமுறையில் பந்து எறிந்தவர்களில் என் கணக்கில் முதலிடம் வால்டர் ஜான்சனுக்குத்தான். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்த வால்டர் ஜான்சன்?

1907 முதல் 1927 வரை 21 சீசன்கள், வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற ஒரே அணிக்காக ஆடிய பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர். அவர் பெயரில் 417 வெற்றிகள் இருக்கின்றன. அமெரிக்க மேஜர் லீக் வரலாற்றில் சை யங் எடுத்த 511-க்கு அடுத்த இடம் இதுதான். ஆட்டம் முழுவதும் தானே எறிந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தது 110 முறை. இதற்கு ஷட் அவுட் என்று பெயர். அந்த 110-ஐ இதுவரை யாரும் நெருங்கவில்லை. இன்றைய ஆட்டமுறையில் இனி யாரும் நெருங்கப் போவதும் இல்லை. 1936-இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் இவரும் ஒருவர். மற்ற நால்வர் டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இதைப் படிக்க என்ன தெரிந்தால் போதும்?

பிட்ச்சர் ஒரு சின்ன மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் நிற்கும் பேட்டருக்குப் பந்தைத் தரையில் குத்தாமல் எறிவார். ஓவருக்கு ஓவர் ஆள் மாறும் வழக்கம் இங்கே கிடையாது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது முறை பேட் செய்யும் வாய்ப்பு வரும், அதுதான் ஒன்பது இன்னிங்ஸ். அந்தக் காலத்தில் ஒரே பிட்ச்சர் ஒன்பது இன்னிங்ஸும் எறிவது சாதாரணம். ஜான்சன் அப்படி 531 ஆட்டங்களை ஆரம்பித்து அவரே முடித்தார். ஆட்டத்தின் வெற்றியோ தோல்வியோ பிட்ச்சரின் பெயரில்தான் எழுதப்படும். அவருடைய அணி ஒரு ரன்னும் எடுக்காமல் 1-0 என்று தோற்றாலும் தோல்வி அவர் கணக்கில்தான் ஏறும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜான்சனின் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது.

பிட்ச்சரின் தரத்தைச் சொல்ல இன்னொரு கணக்கும் உண்டு. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது. மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்ல பிட்ச்சர். ஜான்சனின் மொத்த வாழ்நாள் சராசரி 2.17.

எங்கிருந்து வந்தார்?

1887 நவம்பர் 6 அன்று கன்சாஸ் மாநிலத்தின் ஹம்போல்ட் அருகே ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பண்ணையில் வருமானம் போதாமல் குடும்பம் கலிபோர்னியாவின் ஒலிண்டா என்ற எண்ணெய் வயல் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பந்து எறியும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. நீளமான கைகள். தோளுக்கு மேலே தூக்கி எறியாமல், பக்கவாட்டில் கையை வீசி எறியும் பாணி. பார்ப்பதற்குச் சிரமமே இல்லாத அசைவு. பந்து வந்து சேரும்போதுதான் பேட்டருக்கு விஷயம் புரியும்.

1907-இல் ஐடஹோ மாநிலத்தின் வீசர் என்ற சிற்றூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அங்கே அவர் எதிரணிகளை ரன் எடுக்கவிடாமல் திணறடித்த செய்தி வாஷிங்டன் வரை போனது. காயத்தால் ஆட முடியாமல் இருந்த கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) கிளிஃப் பிளாங்கன்ஷிப்பை, ஜான்சனைப் பார்த்து வரச் சொல்லி அணி நிர்வாகம் அனுப்பியது. ஒப்பந்தம் பேசும்போது ஜான்சன் தரப்பு கேட்டுக்கொண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தேறவில்லை என்றால் வீடு திரும்புவதற்கு ரயில் கட்டணம். 19 வயதுப் பையன், கண்டத்தின் மறுகோடிக்குப் போகிறான், வேறென்ன கேட்பான்?

முதல் ஆட்டம் எப்படி இருந்தது?

1907 ஆகஸ்ட் 2, எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு பட்டம் வென்ற அணி அது. டை காப் அதில் இருந்தார். நாட்டுப்புறப் பையன் மாதிரி இருக்கிறானே என்று நினைத்த டைகர்ஸ் வீரர்கள், முதல் சில பந்துகளைப் பார்த்ததும் அடித்து ஆடும் யோசனையைக் கைவிட்டார்கள். பந்தை மட்டையால் மெதுவாகத் தட்டிவிட்டு ஓடும் பண்ட் முறைக்கு இறங்கினார்கள். காப் அப்படித்தான் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாக ஓடிக் கடக்க வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) போனார். வாஷிங்டன் 3-2 என்று தோற்றது, ஆனால் ஆட்டம் முடிந்தபோது ஜான்சனின் திறமையில் மைதானத்தில் இருந்த எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. காப் கடைசிவரை அன்று பார்த்த வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான்கு நாளில் மூன்று ஷட் அவுட் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1908 செப்டம்பர், நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானம். எதிரணி ஹைலேண்டர்ஸ், பின்னாளில் யாங்கீஸ் என்று பெயர் மாறிய அதே அணி. செப்டம்பர் 4 அன்று 3-0. மறுநாள் 6-0. அடுத்த நாள் ஞாயிறு, அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. திங்கள், செப்டம்பர் 7 அன்று 4-0. பந்தை அடித்துப் பேஸை எட்டினால் அது ஒரு ஹிட். முதல் நாள் எதிரணிக்கு ஆறு ஹிட், இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் இரண்டு. களைக்கக் களைக்க அடிப்பது சுலபமாக வேண்டும், இங்கே கடினமாகிக்கொண்டே போயிருக்கிறது. அப்போது அவருக்கு வயது 20.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்துப் பந்து இன்றைய பந்தைப் போலத் துள்ளிப் பறக்காது. அழுக்கேறி, மிருதுவாகிப்போன ஒரே பந்தை முடிந்தவரை ஓட்டுவார்கள். விளக்கு வெளிச்சம் கிடையாது, பின்மாலையில் பந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பிட்ச்சர்களுக்குச் சாதகமான காலம்தான். ஆனால் அதே பந்தை அதே வெளிச்சத்தில் மற்றவர்களும் எறிந்தார்கள். மூன்று நாளும் இப்படி முடித்தவர் இவர்தான்.

அவர் எவ்வளவு வேகமாக எறிந்தார்?

1912-இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில், ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலையில் அளந்து பார்த்தார்கள். தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவி அது. பந்தை ஒரு குறுகலான சட்டத்துக்குள் போகும்படி எறிய வேண்டும். ஜான்சன் ஆட்ட உடையில் இல்லை, வெளியே போகும் சாதாரண உடையில் எறிந்தார். அவருக்குப் பழகிய பக்கவாட்டு வீச்சை அந்தச் சட்டத்துக்கேற்ப வளைக்க வேண்டியிருந்தது. கிடைத்த எண் வினாடிக்கு 122 அடி, மணிக்குச் சுமார் 134 கிலோமீட்டர்.

இன்றைய பிட்ச்சர்கள் 160-ஐத் தொடுகிறார்களே என்று ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. இன்றைய கருவிகள் கையை விட்டுப் பந்து கிளம்பும்போதே அளக்கின்றன. அந்தக் கருவி பந்து தூரத்தைக் கடந்து வேகம் குறைந்த பிறகு அளந்தது. அதனால் அந்த 134-ஐ இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் வைப்பது சரியில்லை. அவர் காலத்தில் அவரை எதிர்த்து நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வேகமானவர் என்றார்கள். எனக்கு அந்தச் சாட்சியே போதும். ரயிலைவிட வேகமாக எதையும் பார்த்திராத தலைமுறை, அவருக்கு 'பிக் டிரெயின்' என்று பெயர் வைத்தது. சக வீரர்கள் கூப்பிட்டது 'பார்னி' என்று, கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டின் ஞாபகமாக.

அந்த வேகத்தில் பேட்டர் மேல் பட்டால்?

ஜான்சனை உறுத்திக்கொண்டே இருந்த கவலை இதுதான். ஹெல்மெட் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காலம் அது. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன், யாங்கீஸ் பிட்ச்சர் கார்ல் மேஸின் பந்து தலையில் பட்டு மறுநாள் இறந்துபோனார். ஜான்சனின் கை யாரையாவது கொன்றுவிடுமோ என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது.

பேட்டரைப் பயமுறுத்திச் சற்றுத் தள்ளி நிற்க வைக்க, வேண்டுமென்றே உடம்பை நோக்கி எறிவது அந்தக் காலப் பிட்ச்சர்களின் வழக்கமான உத்தி. ஜான்சன் அதைச் செய்ய மாட்டார். அப்படியும் 205 பேட்டர்கள் மேல் அவர் பந்து பட்டிருக்கிறது. 5,900 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர், அதுவும் பக்கவாட்டு வீச்சு, பந்து சில சமயம் வழிதவறும். வேண்டுமென்று எறிந்ததாக அவர் மேல் யாரும் குற்றம் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த நல்ல மனதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டவர் டை காப். மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, காப் பேட்டர் கட்டத்தில் முடிந்தவரை முன்னே நெருங்கி நிற்பார். மேலே பட்டுவிடுமே என்று ஜான்சன் பந்தை வெளிப்பக்கம் எறிவார். நான்கு பந்து இப்படித் தப்பினால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். தப்பிய பந்துகள் எண்ணிக்கை கூடியதும் வேறு வழியில்லாமல் நடுவில் எறிந்தாக வேண்டும், காப் அடிப்பார். இதைக் காப் பின்னாளில் தானே வெளிப்படையாகச் சொன்னார். தன் மிகப் பெரிய பலத்தை ஆயுதமாக்க மறுத்த ஒருவர், அந்த மறுப்புக்கு விலையும் கொடுத்து, அதற்குப் பிறகும் 417 ஆட்டங்களை வென்றிருக்கிறார். ஜான்சனை நான் இவ்வளவு மதிப்பதற்கு முதல் காரணம் இது.

அவருடைய உச்சம் எந்த ஆண்டு?

1913. 36 வெற்றி, 7 தோல்வி, 11 ஷட் அவுட். 346 இன்னிங்ஸில் 243 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) செய்தார், 38 பேருக்கு மட்டுமே இலவச பேஸ் கொடுத்தார். இடையில் தொடர்ந்து 55 இன்னிங்ஸும் மேலும் இரண்டு அவுட்டும் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 1968-இல் டான் டிரைஸ்டேல் தாண்டும்வரை அந்தச் சாதனை நின்றது.

சராசரி 1.14. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பட்டத்தைப் பொறுத்தவரை எந்த முக்கியத்துவமும் இல்லை, அதனால் பாஸ்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தை இரு அணிகளும் விளையாட்டாகவே ஆடின. 43 வயது மேனேஜர் (அணியைக் களத்தில் வழிநடத்துபவர்) கிளார்க் கிரிஃபித்தே பந்து எறிய இறங்கினார். ஜான்சன் ஃபீல்டராக நின்றார். நடுவில் வந்து, ரசிகர்களின் சந்தோஷத்துக்காக இரண்டு பேட்டர்களுக்குப் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார். இருவரும் அடித்தார்கள், இருவரும் ரன்னாக வந்தார்கள். 1.09 என்று இருந்த சராசரி 1.14 ஆனது. 1968-இல் பாப் கிப்சன் 1.12 எடுத்தபோதுதான் அந்த இரண்டு பந்துகளின் விலை தெரிந்தது.

இவ்வளவு நன்றாக எறிந்தவர் 279 ஆட்டங்களில் தோற்றது ஏன்?

அணி ஏழை அணி. "போரில் முதலிடம், அமைதியில் முதலிடம், அமெரிக்கன் லீகில் கடைசி இடம்" என்று, ஜார்ஜ் வாஷிங்டனைப் புகழும் பழைய வரியைக் கிண்டலாகத் திருப்பி, வாஷிங்டன் அணியைப் பற்றிப் பத்திரிகைக்காரர் சார்லஸ் டிரைடன் எழுதிய வரி அன்று நாடு முழுக்கப் பிரபலம். 1909-இல் அந்த அணி 42 ஆட்டங்களில் வென்று 110-இல் தோற்றது. ஜான்சனின் கணக்கு 13 வெற்றி, 25 தோல்வி. அவர் எறிந்த ஆட்டங்களில் பத்து முறை அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

1916-ஐப் பாருங்கள். 25 வெற்றி, லீகிலேயே அதிகம். கூடவே 20 தோல்வி. அந்த ஆண்டு 369 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர் ஒரு ஹோம் ரன்கூட (கிரிக்கெட் சிக்ஸர் போல) கொடுக்கவில்லை! வாழ்நாள் முழுக்கப் பார்த்தால் 1-0 என்று வென்ற ஆட்டங்கள் 38, அதே 1-0 என்று தோற்றவை 26. எதிராளியை ஒரே ஒரு ரன்னில் நிறுத்திவிட்டு இருபத்தாறு முறை தலைகுனிந்து வெளியேறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிழை செய்த ஃபீல்டரிடம் அவர் கடுகடுத்ததாகச் சக வீரர்கள் யாரும் சொன்னதில்லை. 1910 முதல் 1919 வரை பத்து ஆண்டும் தொடர்ந்து 20-க்கு மேலோ சரியாக 20-ஓ வென்றதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வேறு அணிக்குப் போயிருக்கலாமே?

அவர் நினைத்தாலும் முடியாது. அன்றைய ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதிப்படி, வீரரை வைத்துக்கொள்வதும் விற்பதும் அணி முதலாளியின் உரிமை. வீரர் தானாக மாற வழியில்லை. ஒரே ஒரு கதவு 1914-இல் திறந்தது: ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் அதிகச் சம்பளம் கொடுத்து ஆட்களை இழுத்தது. ஜான்சன் அதன் சிகாகோ அணியோடு கையெழுத்தே போட்டுவிட்டார். கிரிஃபித் அவரிடம் பேசி மனதை மாற்றினார். சிகாகோக்காரர்களிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்ப வேண்டுமே, அதற்குச் சிகாகோவின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸின் முதலாளி சார்லஸ் காமிஸ்கி பணம் கொடுத்தார். தன் ஊரிலேயே போட்டி அணிக்கு ஜான்சன் ஆடினால் தன் வசூல் படுத்துவிடும் என்பது அவர் கவலை.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கியதற்காக அப்போது அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வீரர்களுக்குப் பேரம் பேசும் வாய்ப்பே இல்லாத ஏற்பாட்டில், கிடைத்த ஒரு வாய்ப்பில் தடுமாறியதைப் பெரிய குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை.

நோ-ஹிட்டர் எறிந்திருக்கிறாரா?

ஒன்றே ஒன்று. 1920 ஜூலை 1, பாஸ்டனின் ஃபென்வே பார்க், 1-0. எதிரணி ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. இளம் வீரர் பக்கி ஹாரிஸ் செய்த ஒரு பிழையால் ஒரே ஒருவர் பேஸுக்குப் போனார், வெற்றிக்கான ரன்னைக் கொண்டுவந்ததும் அதே ஹாரிஸ்தான். அந்தச் சீசனிலேயே கை வலி வந்து, 8 வெற்றி 10 தோல்வியோடு முடித்தார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1924 வேர்ல்டு சீரிஸ் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

வேர்ல்டு சீரிஸ் என்பது இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடர். ஜான்சன் ஆடிய முதல் பதினேழு சீசன்களிலும் பட்டம் வெல்லாத அணி, அவருடைய 18-ஆவது சீசனில் அமெரிக்கன் லீகை வென்றது. மேனேஜர் 27 வயது பக்கி ஹாரிஸ், அந்த நோ-ஹிட்டரில் பிழை செய்தவர். ஜான்சனுக்கு 36 வயது, 23 வெற்றி. எதிரே ஜான் மெக்ராவின் நியூயார்க் ஜயன்ட்ஸ். எதிரணி ஊர்க்காரர்கள்கூட ஜான்சன் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பிய தொடர் அது.

முதல் ஆட்டத்தில் 12 இன்னிங்ஸும் எறிந்து, 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 4-3 என்று தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் 13 ஹிட் கொடுத்து 6-2 என்று தோற்றார். 18 வயது ஃப்ரெடி லிண்ட்ஸ்ட்ரம் அவர் பந்தில் நான்கு ஹிட் அடித்தார். தொடர் 3-3 என்று சமமாகி ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. அக்டோபர் 10, வாஷிங்டனின் சொந்த மைதானம், அதிபர் கூலிட்ஜ் பார்வையாளர் வரிசையில்.

எட்டாவது இன்னிங்ஸில் 1-3 என்று பின்தங்கியிருந்தது வாஷிங்டன். ஹாரிஸ் அடித்த பந்து தரையில் எதிலோ பட்டு லிண்ட்ஸ்ட்ரம் தலைக்கு மேல் துள்ளியது, இரண்டு ரன், 3-3. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஜான்சனை அழைத்தார் ஹாரிஸ். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு கிடைத்திருந்தது. வந்ததுமே சோதனை: ஒரு அவுட் ஆனபின் ஃபிராங்கி ஃபிரிஷ் டிரிபிள் அடித்து மூன்றாவது பேஸில் நிற்கிறார். ஒரு ரன் போனால் பட்டம் கைநழுவும். அடுத்தவரை வேண்டுமென்றே பேஸுக்கு அனுப்பிவிட்டு, ஜார்ஜ் கெல்லியை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அதற்கடுத்தவர் தரையில் அடித்து அவுட். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான்கு இன்னிங்ஸிலும் ரன் இல்லை.

பன்னிரண்டாவது இன்னிங்ஸின் பிற்பாதி. மடி ரூல் அடித்த பந்து நேரே மேலே போனது, சுலபமான கேட்ச். ஜயன்ட்ஸ் கேட்ச்சர் ஹாங்க் கௌடி தான் கழற்றி எறிந்த முகமூடியில் காலை விட்டுத் தடுமாறி விட்டுவிட்டார். பிழைத்த ரூல் அடுத்து டபுள் அடித்து இரண்டாவது பேஸுக்குப் போனார். ஜான்சனே பேட் செய்ய வந்தார், அவர் அடித்ததை ஃபீல்டர் தவறவிட்டார். அடுத்து ஏர்ல் மக்நீலி. மூன்றாவது பேஸ் பக்கம் உருண்ட பந்து மறுபடியும் எகிறி, மறுபடியும் அதே லிண்ட்ஸ்ட்ரம் தலையைத் தாண்டியது. ரூல் ஓடி வந்தார். 4-3. வாஷிங்டன் என்ற பெயரில் ஆடிய அணிக்கு 2019 வரை வேறு வேர்ல்டு சீரிஸ் பட்டம் கிடையாது.

இதை அதிர்ஷ்டம் என்பவர்களை மறுக்க மாட்டேன். இரண்டு முறை பந்து ஒரே ஆளின் தலைக்கு மேல் துள்ளியது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நான்கு இன்னிங்ஸை ஜான்சன் எறிந்திருக்காவிட்டால் அதிர்ஷ்டம் வந்து நிற்க இடமே இருந்திருக்காது.

மறு ஆண்டும் வந்தார்களாமே?

வந்தார்கள். 1925-இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கு எதிராக ஜான்சன் முதல் ஆட்டத்தையும் நான்காவதையும் வென்றார். ஏழாவது ஆட்டம் கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. 9-7 என்று தோற்றார். அதே சீசனில் பேட்டராக அவருடைய சராசரி .433 (நூறு முயற்சிக்குச் சுமார் 43 ஹிட்), ஒரு பிட்ச்சருக்கு நம்ப முடியாத எண்.

எப்படி ஓய்வு பெற்றார்? பிறகு?

1927 பயிற்சி முகாமில் சக வீரர் ஜோ ஜட்ஜ் அடித்த பந்து பட்டுக் கால் எலும்பு முறிந்தது. அந்தச் சீசனோடு சரி. கடைசியாக அவர் களத்தில் இறங்கியது செப்டம்பர் 30 அன்று, பேப் ரூத் தன் 60-ஆவது ஹோம் ரன்னை அடித்த அதே ஆட்டத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்றுப் பேட்டராக வந்து உயரே அடித்தார், கேட்ச் பிடித்தவர் ரூத்.

பிறகு வாஷிங்டனுக்கும் கிளீவ்லாந்துக்கும் மேனேஜராக இருந்தார். மனைவி ஹேசல் 1930-இல் இறந்தபின், தன் அம்மாவின் துணையோடு பிள்ளைகளை வளர்த்தார். மேரிலாந்தில் பண்ணை வைத்திருந்தார், 1938-இல் மாண்ட்கமரி கவுண்டி நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானார், 1940-இல் குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரசுக்கு நின்று தோற்றார். 1946 டிசம்பர் 10 அன்று மூளைக் கட்டியால் காலமானார்.

அன்று கறுப்பின வீரர்கள் மேஜர் லீகில் இல்லையே, இந்தச் சாதனைகளை எப்படிப் பார்ப்பது?

கேட்க வேண்டிய கேள்வி. ஜான்சன் ஆடிய காலம் முழுவதும் கறுப்பின வீரர்களுக்கு அந்த லீகின் கதவு சாத்தியே இருந்தது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் அது திறந்தது. ஆகவே 417-ஓ 110-ஓ, நாட்டின் திறமையான பேட்டர்கள் எல்லோரையும் எதிர்த்து எடுத்த எண்கள் அல்ல. ஜான்சனுக்கும் இது தெரிந்திருந்தது. கறுப்பின வீரர்களின் தனி லீகான நீக்ரோ லீகின் கேட்ச்சர் ஜோஷ் கிப்சனைப் பார்த்துவிட்டு, இரண்டு லட்சம் டாலர் கொடுத்தும் எந்த மேஜர் லீக் அணியும் வாங்கக்கூடிய ஆள் என்றார். கறுப்பினத்தவராகப் போய்விட்டாரே என்று அதோடு சேர்த்தும் சொன்னார். திறமையைப் பார்த்த கண், தடை தவறு என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை. அவரை மதிக்கும் நானும் அதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல மாட்டேன்.

அவர் எறிவதை இன்று பார்க்க முடியுமா?

முடியும். 1924 வேர்ல்டு சீரிஸைப் பற்றிய செய்திப்படச் சுருள் ஒன்று மாசசூசெட்ஸில் ஒரு வீட்டின் கராஜில் கிடந்தது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதைச் சீர்செய்து 2014-இல் வெளியிட்டது. நான்கு நிமிடம் போலத்தான் ஓடும், ஒலி கிடையாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அவருடைய வலது கையைக் கவனியுங்கள்: பின்னால் நீண்டு, இடுப்பு உயரத்தில் அரைவட்டமாகச் சுற்றி வரும். மக்நீலியின் பந்துக்கு ரூல் ஓடி வரும் காட்சியும், மைதானத்துக்குள் கூட்டம் இறங்குவதும் அதில் உண்டு.